அனுப்புநர், கடலூர் – 3

ஞாயிறு முழுக்கப் பட்டினி போட்டேன்.
வயிறு காலியாய் இருந்தால்தான்
தண்ணீர் கெடாமல் போய்ச் சேரும்.

திங்கள் காலை, சிப்காட் காற்று
ஜன்னலுக்கு வரும் முன்னே,
தொட்டித் தண்ணீரையே மொண்டு
பையில் மூன்றில் ஒரு பங்கு.
மீதி காற்று.
வாயால் ஊதக் கூடாது:
நாம் விட்ட மூச்சில் அவற்றுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

செப்புக் குடத்து நீர் நமக்கு நல்லதாம்.
இவற்றுக்கு ஒரு மடக்கு போதும், கதை முடிய.
சீதனக் குடம் பரணில் கிடக்கிறது,
சாக்குக்குள்.

பிடிமானத்துக்குப் பாசி ஒரு கொத்து.
பற்றிக்கொள்ள எதுவும் இல்லையென்றால்
நீந்தி நீந்தியே சோர்ந்துவிடும்.
பை மூலைகளை மடித்து டேப் ஒட்ட வேண்டும்:
ஒண்டிக்கொள்ள மூலையைத்தான் தேடும்,
நசுங்குவதும் அங்கேதான்.
நத்தைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.
ஈரத் துணியில் சுருட்டிவிட்டால்
கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்.

பத்துச் செர்ரி இறால்.
ஒன்றின் அடிவயிற்றில் முட்டை மஞ்சளாய்த் தெரிந்தது.
பிள்ளைத்தாச்சியை அனுப்ப மனம் வரவில்லை,
வேறொன்றை மாற்றினேன்.

கூரியர் கடை நஜிமுதீன் பெட்டியை ஆட்டினான்.
"உள்ள என்னக்கா, தண்ணி சத்தம்?"
"பாசி" என்றேன். பொய்யில்லை.

பெறுநர்: எட்வின் ராயன், ஓசூர்.

ஒன்பதாம் நாள் பெட்டி திரும்பி வந்தது.
வீடு பூட்டியிருந்தது என்று சிவப்பு மையில்.
பணத்தை அப்போதே திருப்பிவிட்டேன்,
பெட்டியைத்தான் பிரிக்கவில்லை.
உலை வைத்தேன். துணி காயப்போட்டேன்.
கத்தரிக்கோலைத் தேடுவதாய்க் கொஞ்ச நேரம்.
பிறகு நாறுமே என்று மாடிக்குக் கொண்டுபோய்
மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினேன்.

அடியில் இரண்டு உடல்.
கண்ணாடி போல. மீசை, கால், வால் நுனி
எல்லாம் இருந்தது இருந்தபடி.
பேசினில் சாய்த்துவிட்டு மிச்சத்தை எண்ணினேன்.
பாசிக்குள் ஒன்று, விளிம்பில் மூன்று,
எண்ணி முடிக்கையில் பத்து.
மறுபடி எண்ணினேன்.
பத்து.

அந்த இரண்டும் சட்டை.
திருவண்ணாமலையோ கிருஷ்ணகிரியோ தாண்டும்போது
ஏதோ ஒரு லாரியின் இருட்டில்
போட்டிருந்தது இறுக்குகிறதென்று
கழற்றிப் போட்டிருக்கின்றன.
குலுங்கிய குலுக்கலில்.
தலைகீழாய் வைத்திருந்தாலும் வைத்திருப்பார்கள்.

சாயங்காலம் ராயன் பேசினான்.
அப்பாவோடு பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருந்தானாம்.
எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை.
"அதே பத்த அனுப்ப முடியுமாக்கா?"

"ஒரு வாரம் போகட்டும் தம்பி.
ஓடு இன்னும் இறுகல."

பேசினில் அதற்குள்
நாலைந்து சேர்ந்து
பழைய சட்டையைத் தின்ன ஆரம்பித்திருந்தன.