ரெகுலேட்டர் நிறுத்தம்

கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
நிமிடம் எழுதுகிறேன்.
திருத்துறைப்பூண்டி நிலையத்தில்
என் பேனா அசையாமல் எந்த வண்டியும் அசையக்கூடாது.
சம்பளம் கழகத்தில்,
தீபாவளி இனாம் முதலாளிகள் சங்கத்தில்.

ஏழு பத்து, பாலமுருகன், தனியார்.
ஏழு பதினாலு, அரசு நகரப் பேருந்து.
நடுவே கிடக்கும் நான்கு நிமிடத்துக்காக
போன ஆடியில் ஒரு கண்ணாடி உடைந்தது,
ஒரு சட்டை கிழிந்தது,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்
ஒரு கோப்பு இன்னும் பருத்துக்கொண்டிருக்கிறது.

ஜெய்லானி வண்டியை உறுமவிட்டபடியே நிற்பான்:
"ரெண்டே நிமிஷம்ணே, ஜவுளிக்கடைப் பொண்ணுங்க வருது."
பின்னாலிருந்து அரசு ஆரன்.
இரண்டு பக்கமிருந்தும் எனக்கு டீ வரும்.
இரண்டையும் குடித்திருக்கிறேன்.

ஆற்றின் ஷட்டர் பெயரே நிறுத்தத்துக்கும்: ரெகுலேட்டர்.
உள்கிராமங்களில் கருவாடு விற்றுவிட்டு
நாகூரம்மாள் அங்கேதான் ஏறுவாள்.
ஜெய்லானி கை காட்டிய இடத்தில் நிற்பான்.
டிக்கெட் பன்னிரண்டு,
சட்டத்தில் இல்லாத பத்து கூடைக்கு.
வாடை பற்றி ஒரு சொல் கிடையாது.
அரசு வண்டியில் அவளுக்குக் காசே இல்லை.
அது சில நாள் ஐம்பதடி தள்ளி நிற்கும்,
சில நாள் நிற்காது.
"சும்மா ஏத்துறவன் சும்மாவே போயிடறான்" என்பாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது.
கோரையாற்றுக் கரை ஊறி, தார் ஊறி,
ஒன்பது நாற்பது கடைசி நடைக்கு
டீசல் காசு தேறவில்லை என்று
பாலமுருகன் முதலாளி வண்டியை எடுக்கவில்லை.
நடையை நிறுத்த மனு போட வேண்டும்.
போடவில்லை.
ரேடியேட்டர் கோளாறு என்று எழுதச் சொன்னார்,
பதினோரு இரவும் எழுதினேன்.

பத்து மணிக்கு அரசு வண்டி வந்தது,
ஒற்றை வைப்பர், ஒற்றை விளக்கு,
உள்ளே நடத்துநர் தட்சிணாமூர்த்தி மட்டும்
ஒழுகாத இருக்கை தேடி உட்கார்ந்திருந்தார்.
"யாருக்காக ஓட்டறீங்க?"
"அட்டவணைக்கு" என்றார்.

ரெகுலேட்டரில்
காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்து நின்றவளை
அட்டவணை தாண்டிப் போயிற்று.

முறைத் தண்ணீர்க் காலத்தில்
லஸ்கர் ஏட்டில் கடைமடைக்கு வெள்ளி என்றிருக்கும்.
தண்ணீர் ஏடு படித்ததில்லை.
விலை பேசித் திறந்த மதகையும் பார்த்திருக்கிறேன்,
அதுவும் கடைமடைக்கு வந்ததில்லை.

மறுநாள் கூண்டுக்கு வந்தாள்.
திட்டுவாள் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
கம்பிக்குள் விரல் நீட்டி
என் ஏட்டைத் தொட்டுக் கேட்டாள்:
"இதுல நான் எங்க இருக்கேன்?"

வண்டி எண், வந்த நேரம், போன நேரம்,
தாமதம், காரணம்.
ஆளுக்கு ஒரு பத்தி இல்லை.

ரேடியேட்டர் கோளாறுக்குக் கீழே
மிச்சமிருந்த அரை அங்குலத்தில் எழுதினேன்:
ரெகுலேட்டர். இரவு பத்து இருபது.
ஒரு ஆள், ஒரு கூடை.

படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு
"மழையையும் போடு" என்றாள்.

ஏழு பன்னிரண்டு ஆகிவிட்டிருந்தது.
இரண்டு ஆரனும் என்னைத்தான் திட்டின.