இருபத்திரண்டு பவுண்டு

சத்துவாச்சாரியில்
சைக்கிள் கடை மாடியில் இருந்தன வில்கள்.
நாண் கழற்றி, ஆணியில் மாட்டி,
ஷிப்ட் முடிந்த முதுகுகள் மாதிரி.

"எத்தனை பவுண்டு பாக்குறீங்க?"
என்றான் அஃப்ரோஸ்.
எனக்கு பவுன் என்று கேட்டது.

பதிமூன்று கேட்டிருந்தார்கள் குடியாத்தத்தில்.
பதினொன்றுதான் முடிந்தது அப்பாவால்.
மிச்சம் இரண்டைப் பற்றிய பேச்சு
மாமியார் காரியத்துக்கு மறுநாளும் வந்தது.

இவன் சொன்னது நாணை இழுக்கிற கனம்.
நாற்பது என்றேன்.
குறைத்துச் சொல்லி அசிங்கப்படக் கூடாது, பாருங்கள்.

அவன் சிரிக்கவில்லை. நாண் பூட்டிக் கொடுத்தான்.
"இஸ்துப் பாருக்கா. அம்பு இல்லாம மட்டும் வுட்டுடாதீங்க,
வில்லு தெறிச்சுடும்.
இஸ்தத அப்டியே மெதுவா
திருப்பிக் கொண்ணாந்துடணும்."

நாற்பது என் தாடைவரை வரவேயில்லை.
தோள்தான் காதுக்கு ஏறியது.
முப்பது, மூக்குவரை வந்து நடுங்கியது.

பிறகு இரண்டு கையையும் நீட்டி
நடுவில் சின்ன ஓட்டை வைத்து
ஜன்னல் வழியே மலைமேல் டவரைப் பார்க்கச் சொன்னான்.
வலக்கண்ணை மூடினேன். டவர் இருந்தது.
இடக்கண்ணை மூடினேன்.
வெறும் பாறை.

"உங்களுக்கு லெஃப்ட் கண்ணுக்கா."

நாற்பத்து மூன்று வயதில்.
கண்ணாடிக் கடையில்கூடச் சொன்னதில்லை.

அப்படியானால் நாணை இழுப்பது பீச்சாங்கை.
ஆஸ்பத்திரி பில் கவுண்டரில்
பத்தொன்பது வருஷமாக மடியிலேயே
உட்கார வைத்திருந்த கை.
மறந்துபோய் அதால் சில்லறை கொடுத்தால்
மருந்துச் சீட்டோடு நிற்பவர் முகம்
ஒரு நொடி சுருங்கும்.

இடக்கை வில் ஒன்றே ஒன்று இருந்தது,
கதவுக்குப் பின்னால்,
விலையை இரண்டு முறை அடித்து எழுதி.
இருபத்திரண்டு பவுண்டு.
பிடியில் சுற்றிய ஆம்பூர்த் தோலில்
இன்னும் தொட்டி வாசம்.
"சின்னப் பசங்க எடுக்கிற வெயிட்டு" என்றான்,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இழுத்தேன். வந்தது.
கட்டைவிரல் கன்னத்து எலும்பில் பட்டது.
ஒன்பதுவரை எண்ணிக்கொண்டு நின்றேன்.
கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள்.
விடாமல், மெல்லத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

"எல்லாருக்கும் சட்டுனு வராதுக்கா இது.
பாதியில வுட்டுடுவாங்க."

எனக்கு வரும், தம்பி.
அந்த ஒன்று நன்றாக வரும்.

பாகாயம் பஸ்ஸில்
அது மேல்கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது.
"இன்னாம்மா இது, ஒட்டடைக் கம்பா?"
"வில்லு."
கண்டக்டர் ஒருதரம் என்னைப் பார்த்தார்,
ஒருதரம் அதைப் பார்த்தார்.
"லக்கேஜ் போட்டுக்கிறேன்."
வலக்கையில் வில் இருந்தது.
காசை மற்றதில் நீட்டினேன்.

நாத்தனார் போனில் இருந்தாள்.
எங்கே போனாய், என்ன வாங்கினாய், எவ்வளவு.
இரைச்சலில் கத்தினேன்:
இருபத்திரண்டு பவுண்டு!

"இருபத்திரண்டு பவுனா?"

கிரீன் சர்க்கிள் தாண்டும்வரை
நான் திருத்தவில்லை.