குஞ்சப்பனை வளைவு

காலை ஐந்தரை. கோத்தகிரி பேருந்து நிலையத்தில்
பாலூட்டும் அறைக்குப் பூட்டு.
சாவி ஒன்பது மணிக்கு வருமாம்.
கண்ணாடி விரிசல் வழியே பார்த்தேன்:
சோதனைச் சாவடியில் பறித்த தண்ணீர் பாட்டில்கள்
கூரை முட்ட,
கால் ஒடிந்த நாற்காலி ஒன்று,
சுவரில் சிரிக்கும் தாய், சிரிக்கும் சேய்,
இருவருக்கும் ஒரே மூக்கு.

என் மகளுக்கு ஒன்பது மணி என்றால் தெரியாது.
நான்கு மாதம்தான் ஆகிறது.

கோவை வண்டியில் நடு வரிசை, சன்னலோரம்.
ஸ்வெட்டரில் நான்கு பொத்தான்,
ரவிக்கையில் இரண்டு கொக்கி.
மரத்துப்போன விரலுக்கு
ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை.

அவள் வாய் வைத்ததும்
பக்கத்தில் இருந்த கேரட் மூட்டைக்காரர்
எழுந்து நின்றுகொண்டார்,
இடம் காலியாகவே கிடந்தது.
மரியாதையா தீட்டா, கேட்கவில்லை.
பின்னாலிருந்து ஒரு சால்வை
என்னைக் கேட்காமல் என் தோளில் விழுந்தது.
"ஆம்பளைங்க இருக்காங்கம்மா."
சால்வை முழுக்கத் தைல நெடி. மகள் தும்மினாள்.
எதிர் வரிசைப் பையன்
போனுக்குள் தலையை விட்டிருந்தான்,
திரை அணைந்திருந்தது,
அதில் நான் தெரிந்திருப்பேன்.
நடத்துனர் கூரையைப் பார்த்தபடி சீட்டுக் கிழித்தார்.
மீதி எட்டு ரூபாயைச் சீட்டின் முதுகில் எழுதி
"அப்புறம் வாங்கிக்கங்க" என்றார்
கூரையிடம்.

பழகிவிட்டது. ரேஷன் வரிசையில் இப்படித்தான்.
கட்டபெட்டு வங்கியில் ஒருமுறை மேலாளரே வந்து
பழைய ஃபைல் அறையைத் திறந்துவிட்டார்,
நல்ல மனுஷன்.
உட்கார இடமில்லை. ஒட்டடைக்குக் கீழே
நின்றுகொண்டே கொடுத்தேன்.

ஆனால் அன்று எனக்கு வேறு கவலை.

வெள்ளிக்கிழமை அடுப்படியில் குக்கர் மூடி விழுந்தது.
இவள் இமைக்கவில்லை.
பிறகு நானே போட்டேன்: கரண்டி. செம்பு.
கல்யாணச் சீர் பித்தளைத் தாம்பாளம்.
கீழ் லைனில் நாய்கள் குரைத்து ஓய்ந்தன.
இவள் தன் விரல்களையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.
கோவையில் பத்தரைக்கு டோக்கன்,
காது பார்க்கிற டாக்டர்.

குஞ்சப்பனைக்குச் சற்று மேலே
வண்டி நின்றது. ஓட்டுநர் விளக்கை அணைத்தார்.
பலா பழுக்கிற மாதம்,
விடிந்தும் விடியாத சாலை,
வளைவை அடைத்தபடி ஒரு யானை.
அதன் அடியில் இன்னும் நனைந்தது போலிருந்த
ஒரு சின்ன யானை.

"குட்டி பால் குடிக்குது, ஹாரன் அடிக்காதீங்க,"
மூட்டைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
"போட்டோ வேண்டாம் தம்பி, பாவம்,"
சால்வைக்கார அம்மா.
முன்னங்கால்களுக்கு நடுவே
யானைக்கும் நெஞ்சில்தான் முலை.
வண்டியே மூச்சை அடக்கிப் பார்த்தது.
நடத்துனரும் பார்த்தார், நேராக.
யாரோ கைகூப்பினார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
வரவில்லை,
எனக்கும் அது அழகாய்த்தான் இருந்தது.

அப்போது அது பிளிறியது.

மடியில் உறிஞ்சல் நின்றது.
காம்பை விட்டுத்
தலையைத் திருப்பி
கண் இரண்டும் அகல
சன்னல் பக்கம் பார்த்தாள் என் மகள்.

சத்தம்தானா,
வண்டித் தகரம் அதிர்ந்து என் எலும்பு வழியே
அவளுக்குப் போனதா,
அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
நான் எழுந்து நின்றிருக்கிறேன்.
சால்வை யார் காலடியிலோ.
பால் தன்பாட்டுக்குச் சீறி
முன் இருக்கைக் கம்பியில்,
சீட்டின் முதுகில்,
அந்த எட்டு ரூபாயின் மேல்.

"திரும்பிட்டா, பாருங்க, திரும்பிட்டா"
என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.
யாரிடம் என்று நினைவில்லை.
கூரையிடமாகவும் இருக்கலாம்.