கம்பிவலை மட்டும் வரட்டும்

ராத்திரி பத்துக்கு மாவில் கை வைத்தால்
விடிந்துதான் எடுப்பேன். ரொட்டி சுடுகிறவன்.
இருபேவுக்கு நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி,
ஐந்தரைக்கே பேருந்து.
பதினோரு வருடக் கல்யாணம்.
அவள் விட்டுப்போன சூட்டில் நான் படுப்பேன்,
என் சூடு ஆறுமுன் அவள்.

ஆகவே டெல்ட்டாவுக்குப் போகும் யோசனை
ஃப்ரிட்ஜ் கதவில்தான் நடந்தது,
காந்தத் துண்டுக்கடியில், துண்டுச் சீட்டுகளில்.

திங்கள், அவள்:
'தீவுகள். இரண்டு நாள். நீயும் நானும்.
வேறு யாரும் வேண்டாம், உன் அண்ணன் உட்பட.'
செவ்வாய், நான்:
'கறி சுடும் கம்பிவலை அண்ணனிடம்தான் இருக்கிறது.'
புதன்:
'கம்பிவலை மட்டும் வரட்டும்.'

வீட்டுக்காரி தெல்ஃபினா போனில் சொன்னதை
அப்படியே எழுதி ஒட்டினேன்:
குடிதண்ணீர் கொண்டு வரணும்,
சுற்றியிருப்பது பார்க்க மட்டும்.
கொசுவுக்குத் தனிக் கட்டணம் இல்லை.
கடைசிப் படகு ஞாயிறு ஐந்தரை.
தென்கிழக்குக் காற்று அடித்தால்
எந்தப் படகும் எந்த மணியும் நிச்சயமில்லை.

'துடுப்புப் படகு எடுப்போமா?'
'நீ எடு.'
'நீ என்ன செய்வாய்?'
'கை நீட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.'

ஒரு நாள் வரைபடம் வந்தது.
காப்பிக் கறை ஒன்றைச் சுற்றி
பேனாவால் ஆறுகள், கால்வாய்கள், நடுவே பெருக்கல் குறி.
கீழே பொடி எழுத்தில்:
'பாரானா எங்கள் ஊர்ப் பக்கமாய்த்தான் வருகிறது.
கொரியெந்தெஸிலிருந்து நான் பேருந்தில் வந்தேன்.
மண் ஆற்றோடு வந்து இங்கே தீவாகிவிட்டது.
வாடகை கேட்கிறாள் தெல்ஃபினா,
என் மண்ணுக்கு.'

அதை மாவுக் கையோடு நான்கு முறை படித்தேன்.
ஓரத்தில் என் பெருவிரல் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை, மரப்படகில்,
பகல் வெளிச்சத்தில், எதிரெதிரே.
அவள் காதோரம் ஒரு கொத்து நரை.
'இது எப்போது?'
'மார்ச்சில். எழுதி ஒட்டியிருந்தேனே.'
'மின்கட்டணச் சீட்டு மறைத்திருக்கும்.'
சிரித்தாள். படகோட்டி திரும்பிப் பார்த்தான்.
கரையெல்லாம் முருக்கு பூத்து, அதன் சிவப்பு
பால்காப்பி நிறத் தண்ணீரில் ஒட்டாமல் மிதந்தது.

கால் முளைத்த வீடு. ஏழு படி.
பையை வைத்தோம். கம்பிவலையைக் கீழே சாய்த்தோம்.
பலகைத் தளத்தில், ஒரு நிமிஷம் என்று, சாய்ந்தோம்.

விழித்தபோது ஞாயிறு, மணி இரண்டு.

கறிக்கு உப்புக்கூடத் தடவவில்லை.
துடுப்பு ஆணியில் தொங்கியபடி.
என் கை மரத்திருந்தது: அவள் தலை அதன்மேல்.
இருவர் சூடும் ஒரே நேரத்தில் இருந்தது;
பழக்கமில்லாமல் வியர்த்துவிட்டது.

தெல்ஃபினா ஓடத்தை நிறுத்தி மேலே பார்த்தாள்.
'உயிரோடுதான் இருக்கிறீர்களா?
ராத்திரி காற்று அடித்ததே, தெரியாதா?
ஆறு ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.'
நான்காம் படிவரை ஈரச் சேறு.
கைப்பிடியில் ஓர் ஆகாயத்தாமரை,
வேரோடு, விருந்தாளி மறந்துவிட்டுப் போன குடை மாதிரி.
அண்ணனின் கம்பிவலையைக் காணவில்லை.

மீதி மூன்று மணி நேரம்
ஐந்தாம் படியில் உட்கார்ந்து
ஒரே குழலில் மாறி மாறி மாத்தே குடித்தோம்.
கடைப்படகு ஒன்று ஊதிக்கொண்டு போனது.
பழக்கதோஷம், இருபே கையை நீட்டிவிட்டாள்.
அவன் ஓர் ஆரஞ்சைத் தூக்கிப் போட்டான்.
'சில்லறை இல்லையே' என்றாள்.

இன்று செவ்வாய். அடுப்பிலிருந்து வந்து
ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன்.
புதுச் சீட்டு. சேறு காய்ந்த விரல் தடம்.

'அண்ணனிடம் நீ சொல்கிறாயா,
நான் சொல்லட்டுமா?
இல்லை, தேடிப் பார்க்க
இன்னொரு சனிக்கிழமை போவோமா?'