நன்னடத்தைக் கடிதம்

ஹரேனின் அம்மா மூன்றாம் முறை அழைத்தபோது
கிளமெண்டி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன்.
"ஒரு பக்கம் போதுமாம் தம்பி, வக்கீல் சொன்னார்.
கூடப் படிக்கிறவங்க எழுதிக் கொடுத்தா
நீதிபதி பார்ப்பாராம்.
நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அவன்தான் சொன்னான்."
சரி ஆன்ட்டி என்றேன்.
என் பேருந்து வந்தது. ஏறவில்லை.

எழுத நிறைய இருக்கிறது.
முதலாண்டில் எனக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும்
கீழ்க்கடையிலிருந்து கஞ்சி வாங்கி வந்தவன்.
ஐம்பது வெள்ளித் தாள் ஒன்று படிக்கட்டில் கிடந்தபோது
மழையில் காவல் அறைவரை நடந்துபோய்க் கொடுத்தவன்.
நூலகத்தில்
ஒரு டிஷ்யூ பொட்டலத்தை நாற்காலிக்குக் காவல் வைத்து
மடிக்கணினி, பணப்பை, சாவி
எல்லாம் மேசையில் கிடக்கக் கோப்பி வாங்கப் போவேன்.
திரும்பி வந்தால் அப்படியே இருக்கும்.
எதிரே அவனும் இருப்பான்.
இந்த ஊரில் அப்படித்தான் வளர்ந்தோம்,
பொருளைத் தொடமாட்டார்கள் என்று.

நான்காம் மாடிக் குளியலறையில்
தடுப்புச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே
ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தார்கள்,
ஆவி வெளியேற.
இரவு பதினொன்று நாற்பதுக்கு
அதில் அவன் கைப்பேசி எட்டிப் பார்த்தது.
அவள் தலை நிறைய நுரையோடு நிமிர்ந்திருக்கிறாள்.

அவள் பெயரை எங்கும் எழுதக் கூடாதென்று உத்தரவு.
எனக்குத் தெரியாததுபோல் நடந்துகொள்கிறேன்.
நடைவழியில் பார்த்தது ஓர் ஊதா வாளி,
வார் அறுந்து ஊக்கு குத்திய ஒற்றைச் செருப்பு.
வாளி இப்போது ஏழாம் மாடிக்குப் போய்விட்டது.
இரவுக் காவலர் காக் நோராய்னி சொன்னார்:
அந்தப் பெண் குளிக்கும்போது
என்னை வாசலில் நிற்கச் சொல்கிறாள், நான் நிற்கிறேன்.
சொல்லிவிட்டு
வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைத்துக்கொண்டார்.

மாடிக் குழுவின் செயலாளர் நான்.
சுவரொட்டி ஒட்டுவது என் வேலை.
விழிப்புடன் இருங்கள்.
தனியே போகாதீர்கள்.
தாழ்ப்பாளைச் சரிபாருங்கள்.
அத்தனை வினைச்சொல்லும் அவள் பக்கமே திரும்பி நின்றன.
நாலு மூலையிலும் பசை உருட்டி வைத்து
கட்டைவிரலால் அழுத்தினேன்.
மறுநாள் ஏணியோடு இரண்டு பேர் வந்து
இடைவெளியை அளந்து
பலகை வைத்து அடைத்துப் போனார்கள்.
நடைவழிக்கு ஒன்பது புதிய கேமராக்கள்.

கேமராவில் விழாத ஒன்று.
போன ஆண்டு, எங்கள் ஐந்து பேர் வாட்ஸ்அப் குழுவில்
அவன் ஒரு படம் அனுப்பினான்.
தோபி காட் ரயில் நிலைய மின்படிக்கட்டு,
பின்னாலிருந்து, கீழிருந்து.
முகம் இல்லை. பாவாடையில் சின்னச் சின்ன அன்னாசிகள்.
பிராட்டா ஆறிக்கொண்டிருந்தது.
நான் சிரிக்கும் முகம் ஒன்றைத் தட்டிவிட்டேன்.
ஒரு விரல்தான்,
மற்ற நான்கிலும் மீன் கறி.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
யாரும் எதுவும் சொல்லாததை
அவன் என்னவென்று எடுத்துக்கொண்டானோ.

இரவு முழுக்கத் திரையில் ஒரே வரி:
ஹரேனை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும்.
அதற்குப் பின்னால் கோடு மின்னி மின்னி அணைகிறது.
இரண்டு மணிச் சுற்றில் காக் நோராய்னி
ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்க்கும் சத்தம்.
என் கதவையும் இழுத்தார்.
பூட்டியிருந்தது.

காலையில் நானே அழைத்தேன்.
"எழுதுறேன் ஆன்ட்டி. ஆனா எழுதினா
எல்லாத்தையும் எழுதணும். என்னையும் சேர்த்து."
மறுமுனையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது.
குக்கர் ஒருமுறை கத்தி ஓய்ந்தது.
பிறகு, பழக்கத்தில்தான் கேட்டிருப்பார்,
"சாப்பிட்டீங்களா தம்பி?"