கால அட்டவணையில் இல்லாதவை

மஞ்சள் வண்டியை முதலில் பார்த்தது
கொட்டகலைக்கும் சிங்கமலைச் சுரங்கத்துக்கும் இடையில்,
ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து பதினேழுக்கு.
கையில் அரிசி கழுவிய தண்ணீர்.
ஊற்ற மறந்து நின்றேன்.

கோச்சி என்று சொல்ல முடியாது அதை.
ஏற ஆளில்லை, கையசைக்க ஆளில்லை.
வயிற்றுக்கடியில் இரும்பு விரல்கள்.
தண்டவாளத்தை இலேசாகத் தூக்கிப் பிடித்து
சிலிப்பர் கட்டைக்குக் கீழே கல்லைத் திணித்தது,
தலையணைக்குப் பஞ்சு அடைப்பது போல,
ஒரு முழம் நகர்ந்து, மறுபடி ஒரு முழம்.

அன்றைக்கே ஒரு கொப்பி போட்டேன்.
ரீலோட் கடைக் கடன் எழுதிய கொப்பி, பின்பக்கமிருந்து.
திகதி. நேரம். நிறம். இலக்கம்.
கடைசிக் கட்டம்: எதற்கு வந்தது.
அது பெரும்பாலும் காலி.

உல்லாசப் பயணிகள் நீல ரயிலுக்குக் காத்திருப்பார்கள்,
கதவில் தொங்கத் தோதாகச் சட்டை போட்டு.
பிந்தினாலும் அது வரும்.
எனக்கு வேண்டியது
வருமென்று யாரும் அறிவிக்காதது:
புல்லுக்கு மருந்தடிக்கும் தாங்கி வண்டி,
கழுத்தை மடித்துத் தூங்கிக்கொண்டே போகும் பாரந்தூக்கி,
நாலு பேரும் ஒரு குடையுமாய்த் தள்ளு ட்ரொலி.

போட்டிக்குத் தியோகு இருந்தான், பார்சல் கந்தோரில்.
"வட்டகொடையில் பார்த்தேன் அக்கா,
லொறி முகம், ரயில் கால்,
விளக்கெல்லாம் பக்கவாட்டில்."
படம் எங்கே என்றேன்.
மூட்டம் என்றான்.
மூட்டத்தில் பார்த்ததை எழுதக்கூடாது என்பது சட்டம்.
சட்டம் போட்டது நான்.

கார்த்திகையில் மூன்று நாள் மழை.
இரவுத் தபால் கோச்சி வரவில்லை.
வராத சத்தத்தில் விழித்துக்கொண்டேன், இரண்டு நாற்பதுக்கு.

அது வந்தது.
லொறி முகம், ரயில் கால்.
முன்னே பார்க்கவில்லை, மலையைப் பார்த்தது.
பெரிய வெளிச்சம் மேட்டைத் தடவி ஏறி
எங்கள் லயத்துக்கு வந்தது.
ஒன்றாம் காம்பரா, இரண்டாம் காம்பரா,
கொடியில் என் ஈரப் பாவாடை,
பன்னிரண்டு வரைக்கும் எண்ணிவிட்டு இறங்கிப் போனது.
அது தேடியது பாதையோரக் கல்கட்டை.

மழைக்கோட்டுக்காரர் ஒருவர் இறங்கினார்.
நீளப் பிடி போட்ட சுத்தியல்.
தட்டினார். டங்.
ஒரு அடி தள்ளி, டங்.
பிறகு, டொப்.
அங்கேயே காதை வைத்து இன்னொரு தரம்: டொப்.
"ஹரித?" என்றது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.
அவர் பதில் சொல்லவில்லை.
சிவப்புப் பெயின்ற்றால் ஒரு வட்டம் போட்டார்,
குழந்தைக்குப் பொட்டு வைக்கும் பொறுமையோடு.

இலக்கம் தெரியவில்லை எனக்கு.
மூட்டம்.
கொப்பியைத் திறந்தேன், மூடினேன்.

விடிந்ததும் முச்சக்கர வண்டிப் பெட்டியிலிருந்து
பதினான்காம் நம்பர் ஸ்பனரை எடுத்தேன்.
லயத்தின் பின்சுவரை முதலாம் காம்பராவிலிருந்து தட்டினேன்.
"பல்லியா அடிக்கிற?" என்றாள் செபஸ்தியம்மா.
"சும்மா இரு, கேக்கணும்."
டங். டங்.
நாலாவதில் பூச்சு உதிர்ந்தது, கல் பரவாயில்லை.
ஏழாவதில், அடுப்புக்கு நேர் பின்னால்,
நேற்றிரவுக் குரல் அப்படியே:
டொப்.

பெயின்ற்றுக்கு எங்கே போவது?
மகளின் கியூட்டெக்ஸ் சிவப்புத்தான்.
வட்டம் போட்டு முடிக்குமுன் குப்பி தீர்ந்தது,
கீழே கொஞ்சம் திறந்தே இருக்கிறது.

செபஸ்தியம்மா எட்டிப் பார்த்தாள்.
ஏழாம் காம்பரா அவளுடையது.
ஒன்றும் கேட்கவில்லை.
உள்ளே போய்
சுவரோரம் படுத்திருந்த பிள்ளையைப் பாயோடு இழுத்தாள்.

கொப்பியில் எழுதினேன்.
நேரம்: ஆறு ஐந்து. நிறம்: சுண்ணாம்பு. இலக்கம்: ஏழு.
கைபேசியில் தியோகு:
"அக்கா, ராத்திரி ஏதும் வந்ததா? படம் இருக்கா?"

மூட்டம் என்று அனுப்பினேன்.
பிறகு இன்னொன்று:
கீழ் லயம் இன்னும் பார்க்கவில்லை,
சுத்தியல் இருந்தால் எடுத்துக்கொண்டு வா.