வடக்குத் துண்டில் ஒரு குழி

மானிட்டோபாவில் எங்கள் வடக்குத் துண்டு
நாற்பது வருடமாக எதற்கும் ஆகாத மேடு.
கோதுமை போட்டால் கணுக்கால் உயரம்.
கலப்பை போட்டால் கலப்பைக்குத்தான் நஷ்டம்.
"வரி மட்டும் நன்றாக விளையும்" என்பான்
என் அண்ணன் ஸ்னோரி.

மே மாதம், மண்ணுக்குள் உறைபனி விட்ட பிறகு
பொக்லைன் வைத்துப் பதினொரு சோதனைக் குழிகள்.
மூன்றில் களிமண்.
ஒன்றில் குதிரை லாடம்.
ஏழில் சரளை,
யாரோ உள்ளங்கையில் உருட்டி உருட்டி வைத்தது போல.

சல்லடையைத் தட்டிவிட்டு
நிலவியல் படித்த லோர்னா பெல்கூர் சொன்னாள்:
"இது மேடு இல்லை. கரை.
பனிப்பாறை உருகி இங்கே ஒரு ஏரி கிடந்தது.
அலை கழுவிப் போட்ட கல் இதெல்லாம்."

நான் கேட்டது ஒன்றுதான்:
எத்தனை கன மீட்டர்?

கல்லில் நார் உரிப்பவர்கள் உண்டாம்.
நான் டிராக்டர் கடனை உரிக்கப் பார்த்தேன்.

ஊராட்சி மண்டபத்தில் விசாரணை.
ஆறிப்போன காப்பி, மடக்கு நாற்காலிகள்.
பக்கத்து நிலத்து ஓரெஸ்ட் பசாராபா
தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்:
"தூசி விழுந்தால் கழுவிக்கொள்வேன்.
கிணறு வற்றினால் எதை ஊற்றிக் கழுவ?"
மண்டபம் சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
பதிலும் வரவில்லை.

பதினேழு நிபந்தனைகளோடு அனுமதி வந்தது.
காலை ஏழுக்கு முன் லாரி கூடாது.
நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலேயே நிறுத்த வேண்டும்.
குழிக்குள் பம்பு வைக்கக் கூடாது.
மேல்மண்ணைத் தனியே குவித்துப் புல் விதைக்க வேண்டும்,
எல்லாம் முடிந்தபின் திரும்பப் போர்த்துவதற்கு.
குவித்தேன்.
அடுத்த கோடையில் அதன்மேல் குளோவர் பூத்தது.
சுருட்டி வைத்த படுக்கை மாதிரி
என் நிலம் ஓரமாகக் காத்திருந்தது.

ஒப்பந்தக்காரன் துமேனின் சீட்டில் பன்னிரண்டு லோடு.
தெர்மாஸோடு வண்டியில் உட்கார்ந்து
நான் கிழித்த கோடுகள் பதினான்கு.
சண்டை போட்டோம்.
பதிமூன்றில் முடிந்தது.
இன்னும் எரிகிறது எனக்கு.

ஆகஸ்டில், மருந்துக்கடைக்குப் போகும் வழியில்,
முன்னால் போன லாரி எகிற வைத்த கல்
என் கண்ணாடியில் நட்சத்திரம் வரைந்தது.
இறங்கித் தேடினேன், எந்தக் கல் என்று.
சாலை முழுக்க என் கற்கள்.
கண்ணாடி மாற்ற ஆன செலவு
பதினாறு லோடு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
பசாராபாவின் கிணற்றில் அளவுநாடா இறக்குவேன்.
அவர் டார்ச் பிடிப்பார்.
ஆறு மீட்டர் இருபது.
ஆறு இருபத்திரண்டு.
ஆறு பத்தொன்பது.
அவர் நோட்டில் அவர் எழுதுவார், என்னுடையதில் நான்.
இரண்டு வருடம்
எண்களைத் தவிர வேறு பேச்சில்லை.

மூன்றாம் வருடம் பனி கதவு உயரம் விழுந்தது.
ஏப்ரலில் கிணறு ஐந்து பத்து.
மே மாதம் நான்கு எண்பது.
டார்ச் இல்லாமலே தண்ணீர் மினுங்கியது.

நான் யாரும் சொல்லாமல் குழிக்கு ஓடினேன்.
சொன்ன ஆழத்துக்கு மேல் ஒரு பிடிகூடத் தோண்டவில்லை,
சாமி சத்தியமாக.
தண்ணீர்தான் ஏறி வந்திருந்தது.
துமேனின் சல்லடை இயந்திரம் முழங்கால் நனைய நின்றது.
வடகாற்றுக்குச் சின்னச் சின்ன அலை எழும்பி
வெட்டிய சுவரின் கல்லை
ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது,
விட்ட இடத்திலிருந்து.

போன் அடித்தது. துமேன்.
"எப்போது லாரி அனுப்பட்டும்?"
எடுத்துக் காதில் வைத்தபடி நின்றேன்.

பின்னால் பூட்ஸ் சத்தம்.
பசாராபா என் வண்டியிலிருந்து
நாடாவை எடுத்து வந்திருந்தார்.
"இதையும் அளக்கணுமா?" என்றார்,
பதிலுக்குக் காத்திராமல்
ஓரத்தில் குந்தி
முனையைத் தண்ணீருக்குள் விட்டார்.